எண்ணும் முன் ஒட்டிய அட்டைகள்

‘சதி’ என்று போடுங்கள். வெறும் சதி போதாது. ‘திட்டமிட்ட சதி’. தவறு என்று எழுதினால், தவறுதானே, மன்னித்துவிடுங்கள் என்று பதில் வரும். முப்பது வருடமாக இந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா. பட்டா மாறுதல் எழுதியிருப்பீர்கள், வாரிசுச் சான்றிதழ் எழுதியிருப்பீர்கள். துப்பாக்கி சுடும் அட்டையைப் பற்றி எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

அனுப்புநர் கிட்டுசாமி, மோட்டார் காயில் கட்டும் கடை, உடுமலைப்பேட்டை. பெறுநர், மாநிலச் சங்கத் தலைவர். பொருள்: எங்கள் துப்பாக்கிக் கழகச் செயலாளர் தெய்வசிகாமணி என்பவர், நான் சுட்ட அட்டைகளை எண்ணுவதற்கு முன்பே வேண்டுமென்று ஒட்டிவிட்டது குறித்து.

உறவா? மனுவில் அது எதற்கு? சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதை எழுத வேண்டாம். குடும்ப விவகாரம் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது குடும்ப விவகாரம் இல்லை. கொள்கை விவகாரம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு எழுத வரும். துப்பாக்கி என்றதும் பயப்படாதீர்கள். துப்பாக்கிகள் கழகத்தினுடையவை, பூட்டிய பெட்டியில் இருக்கும். திருமூர்த்தி மலைக்குப் போகிற வழியில் ஒரு பழைய பாறைக்குழி இருக்கிறதே, அங்கேதான் சுடுவோம். இது ஒரே இடத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடுகிற விளையாட்டு இல்லை. ஓட வேண்டும். பீப் என்று ஒரு கருவி கத்தும். உடனே ஓடி டிரம்முக்குப் பின்னாலிருந்து இரண்டு அட்டை, பலகைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு அட்டை, குனிந்து இரண்டு அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு குண்டு. குண்டு எங்கே பட்டது என்றும் பார்ப்பார்கள், எத்தனை நொடியில் முடித்தாய் என்றும் பார்ப்பார்கள்.

சுட்டு முடித்ததும் மாகாளி வருவார். ஆயுதப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு நடுவர். ஒவ்வொரு அட்டையாகப் போய் ஓட்டைகளை எண்ணி எழுதுவார். அவர் எண்ணி, ‘ஆச்சு’ என்று சொன்ன பிறகு, மற்றவர்கள் பின்னாலேயே போய் ஓட்டைகள் மேல் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அடுத்தவர் சுட வேண்டுமே, அதற்காக. எண்ணிய பிறகே ஒட்ட வேண்டும். இதற்கு மேல் ஒரு சட்டம் எங்கள் பாறைக்குழியில் கிடையாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இப்போது தெய்வசிகாமணி எப்படிப்பட்ட ஆள் என்று எழுதுங்கள். எடையளவு ஆபீஸில் ஆய்வாளராக இருந்தவர். தராசுக்கு முத்திரை போடுகிற உத்தியோகம். கல்யாணமாகி மூன்றாம் மாதம் எங்கள் மாமனார் கடைத் தராசு முத்திரைக்குப் போனது. பத்துக் கிராம் வித்தியாசம் காட்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மாமனார் தராசை! அந்தத் தீபாவளிக்கு அவர் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மாமியார் ஒரு கரண்டி எண்ணெயை அளந்து வைத்தார்கள். அவர் சிரிக்காமல் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட ஆள். ஒரு ரூலைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. பத்தொன்பது வருடமாகப் பாறைக்குழியில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார், எண்ணாத ஓட்டையை ஒரு தடவை ஒட்டியதில்லை. அவர் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப முடியுமா? அதுதான் என் வழக்கின் உயிர்நாடி. அடிக்கோடு போடுங்கள்.

சதிக்குக் காரணம் என்ன என்று கேட்பார்கள். தலை.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. தகரக் கொட்டகைக்கு அடியில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். சகலை எழுந்து ஒரு கடிதம் படித்தார். மேலிடத்திலிருந்து வந்ததாம். அதுவரை எங்கள் அட்டை ஆள் மாதிரி இருக்கும். பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டி வைப்பார்களே, அது போல, தோள், நெஞ்சு, மேலே ஒரு தலை. இனிமேல் தலை கிடையாது. எட்டு மூலை உள்ள வெறும் அட்டை. இது விளையாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள், ஆளைச் சுடுவது போல இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கடிதம்.

நான் எழுந்தேன். “தலைய எடுத்துட்டா அதுக்குப் பேரு என்னங்க? முண்டம். முண்டத்தச் சுடறதுக்கா நாமெல்லாம் ஞாயித்துக்கெழம இட்லியக்கூட ஆற அமரத் திங்காம ஓடியாறோம்?”

நஞ்சப்பன் என்று ஒரு பெரியவர், தேங்காய் மண்டிக்காரர். “பாவமுங்க கிட்டுசாமி. தலையில்லாதவன் ஏற்கெனவே செத்தவன். செத்தவன எதுக்குங்க மறுபடி சுட்டுட்டு?” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் என் பக்கம் என்றுதான் நினைத்தேன்.

சுகந்தி என்று ஒரு மாட்டு டாக்டர். எங்களில் அவள்தான் நன்றாகச் சுடுவாள், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். “நானும் தெனம் ஊசி போடறனுங்க. எந்த மாடும் என்ற தலையில போடுன்னு கேட்டதில்ல. நெஞ்சிலயே முழு மார்க்கு கெடைக்கும்போது தலை எதுக்குங்கண்ணா?” என்றாள். எந்தப் பேச்சிலும் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

“அம்மிணி, மாடும் அட்டையும் ஒண்ணா?”

“ரெண்டும் அசையாம நின்னா நல்லதுதானுங்கண்ணா.”

மாகாளியைக் கேட்டோம். “முப்பது வருசம் படையில சுட்டிருக்கறனுங்க. அட்டைக்குத் தலை இருக்குதா வால் இருக்குதான்னு நான் பாத்ததில்ல. திருப்பிச் சுடாம இருந்தாச் சரி” என்றார்.

நான் விடவில்லை. என் முறையை எடுத்துச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். பழைய அட்டையில் நெஞ்சுக்கு நடுவிலும் தலைக்கு நடுவிலும் ஒரே மதிப்பெண். மற்றவர்கள் இரண்டு குண்டையும் நெஞ்சிலேயே போடுவார்கள். அது ஆணி அடிக்கிற வேலை. நான் நெஞ்சில் ஒன்று, தலையில் ஒன்று. நெஞ்சு, தலை. நெஞ்சு, தலை. ஒரு தாளம். பதினெட்டு வருடமாக என் கை இதைத்தான் செய்கிறது. நான் யோசிக்கவே வேண்டாம், அது பாட்டுக்குச் செய்யும்.

சகலை கடிதத்தை மடித்தபடி, “கிட்டுசாமி சகலைக்கு மட்டும் தலை வெச்சுக் குடுக்கறதுக்கு ரூல்ல எடமில்லீங்களே” என்றார்.

சிரித்தார்கள். எழுதுங்கள், ‘பலர் முன்னிலையில் ஏளனம்’.

நானும் இறங்கிவந்தேன், வரவில்லை என்று சொல்ல முடியாது. “சரிங்க, பெரிய தலை வேண்டாம். ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கட்டும்” என்றேன். “எலுமிச்சம்பழத் தலையோட ஆளு எங்கீங்க இருக்கறான்?” என்று நஞ்சப்பன் கேட்க, “எங்க பழைய இன்ஸ்பெக்டரு ஒருத்தரு இருந்தாருங்க” என்று மாகாளி சொல்ல, அதோடு விவாதம் கெட்டுவிட்டது. கை தூக்கச் சொன்னார்கள். செயலாளர் என்பதால் சகலை தூக்கவில்லை. தலை வேண்டாம் என்று பத்துப் பேர். வேண்டும் என்று நான்கு பேர். அந்த நான்கில் நஞ்சப்பன் கை டீ சொல்வதற்காகத் தூக்கியது என்று பிறகு அவரே சொன்னார். தூக்கிய கை தூக்கியதுதான்.

அடுத்த ஞாயிறு, இருப்பில் இருந்த இருநூறு அட்டைகளுக்கும் தலையை வெட்டினார்கள். சகலை அடிக்கோல் வைத்துக் கோடு போட, மற்றவர்கள் பிளேடால் அறுத்தார்கள். நான் தொடவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூறு தலை ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. அதில் ஐம்பதைச் சுகந்தி எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்கிறாள். நஞ்சப்பன் ஒன்றில் ‘இளநீர் உண்டு’ என்று எழுதி மண்டி வாசலில் மாட்டியிருக்கிறார். அந்த வழியாகப் போனால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

தை, மாசி, பங்குனி. மூன்று மாதம் நான் சுடவில்லை. எதிர்ப்பு. ஞாயிறு தவறாமல் போவேன், கொட்டகையில் உட்காருவேன், டீ குடிப்பேன், சுட மாட்டேன். போவது எப்படி? அவர் ஸ்கூட்டரில்தான். பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் வாசலில் அந்த ஸ்கூட்டர் இரண்டு தரம் ஹாரன் அடிக்கும். விவாதம் வேறு, ஸ்கூட்டர் வேறு. பின்னால் உட்கார்ந்து தலையின் அவசியத்தை அவர் காதில் சொல்லிக்கொண்டே போவேன். ஹெல்மெட் போட்டிருந்தார், எவ்வளவு உள்ளே போனதோ.

பயிற்சியை விட்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் தினமும் சாயங்காலம் வெறும் கையால் பயிற்சி. சுவரில் டிராக்டர் கம்பெனி காலண்டர் இருக்கிறது. டயரில் ஒன்று, டிரைவர் தலையில் ஒன்று. டயர், தலை. என் மனைவி சரோஜினி, “அந்த டிரைவர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனான்?” என்பாள். பெண்களுக்கு விளையாட்டு புரியாது. சுகந்தி வேறு.

சித்திரையில் போட்டி. மாவட்ட அணிக்கு நான்கு பேரை எடுக்க வேண்டும், திருச்சியில் மாநிலப் போட்டிக்கு. பதினெட்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூட மாநிலத்துக்குப் போனதில்லை. ஐந்தாவது இடம், ஆறாவது இடம், ஒரு வருடம் மஞ்சள் காமாலை. வயது ஐம்பத்தெட்டாகிறது. இந்த வருடம் இல்லையென்றால் அப்புறம் இல்லை என்று எனக்கே தெரியும். இதை எழுத வேண்டாம், சும்மா சொன்னேன். சகலையும் போனதில்லை. அதையும் சும்மாதான் சொல்கிறேன்.

காலையில் இரும்புத் தட்டுகள். தட்டு விழுந்தால் மதிப்பெண், அதற்குத் தலையுமில்லை காலுமில்லை. நன்றாகவே சுட்டேன். மதியம் அட்டைச் சுற்று ஒன்றுதான் பாக்கி. முதல் மூன்று இடம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான்காவது இடம் எனக்கா அவருக்கா என்று இருந்தது. ஆமாம், அவரும் போட்டியாளர்தான். இப்போது புரிகிறதா சதி எங்கிருந்து வருகிறது என்று?

சீட்டுக் குலுக்கினார்கள். முதலில் நான். அப்போதுதான் மாட்டிய புது அட்டைகள், ஒரு ஓட்டை கிடையாது. மாகாளி என் காதுக்குப் பின்னால் கருவியைப் பிடித்தார். பீப்.

ஐயா, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிரம், டிரம்மிலிருந்து பலகை, பலகையிலிருந்து குனிந்து கடைசி இரண்டு. என் கை தாளம் தப்பவில்லை. டப், டப். டப், டப். பன்னிரண்டு குண்டு, பதினான்கு நொடி. அந்தச் சுற்றை எங்கள் கழகத்தில் பதினேழுக்குக் கீழே எவனும் முடித்ததில்லை. குண்டுகள் போய்ப் பின்னால் மண்மேட்டில் புழுதி கிளப்பியதை என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு அட்டைக்கும் மேலே, ஒரு சாண் உயரத்தில், கோடு போட்டது போல. அட்டையைத் துளைத்தபின் குண்டு கொஞ்சம் மேலே ஏறும்போல. அதெல்லாம் இயற்பியல்.

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பிரமித்துப் போயிருந்தார்கள். சுகந்தி துப்பட்டாவை வாயில் வைத்து இருமினாள். நஞ்சப்பன் மண்மேட்டுக்கு மேலே ஆகாயத்தைப் பார்த்து, “ஆறு கொக்காவது விழுந்திருக்கோணும்” என்றார். என்ன அர்த்தமோ. வயதானவர்.

இனிமேல் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள். மாகாளி நொடியைக் குறித்துக்கொண்டிருந்தார். பேனா எழுதவில்லை, உதறினார். அந்த நேரத்தில் தெய்வசிகாமணி ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு அட்டைகளை நோக்கி ஓடினார். ஆமாம், ஓடினார். மூட்டு வலிக்காரர். பாறைக்குழிப் படியில் யாராவது கை கொடுத்தால்தான் இறங்குவார். அவர் ஓடினார். முதல் அட்டை, இரண்டாவது அட்டை, மூன்றாவது. மாகாளி நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆறாவதையும் ஒட்டிவிட்டார்.

“ஏனுங்க செகரட்டரி! என்னுங்க பண்றீங்க? நான் இன்னும் எண்ணவே இல்லீங்களே!”

அவர் தன் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். “அட. மறந்துட்டனுங்க.”

“நீங்களா? நீங்களா மறந்தீங்க?”

“வயசாச்சுங்க மாகாளி.”

மாகாளி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண்மேட்டைப் பார்த்தார். பிறகு ரூல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எங்கே பார்க்க வேண்டும் என்று சகலையே பக்கத்தைச் சொன்னார். எண்ணும் முன் ஒட்டிவிட்டால் குண்டு எந்தக் கோட்டுக்குள் விழுந்தது என்று தெரியாது, எனவே அந்தச் சுற்று செல்லாது, சுட்டவர் மறுபடி சுட வேண்டும். “அதுதானுங்க ரூலு” என்றார் சகலை. பக்கம் மனப்பாடம், பாருங்கள். திட்டமிடாமல் எவனாவது பக்க எண்ணை மனப்பாடம் செய்வானா?

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பது இந்த மனுவுக்குத் தேவையில்லை. எங்கள் மாமனார் தராசு வரைக்கும் போனேன். கல்யாணமான நாளிலிருந்து ‘அவர்’ என்று சொன்ன வாயில் ‘அவன்’ வந்துவிட்டது. அவன் ஸ்டிக்கர் சுருளைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பழைய அட்டைகளைக் கழற்றிப் புதிதாக ஆறு மாட்டினார்கள். நான் துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொண்டு நிற்கும்போது அவர் பக்கத்தில் வந்து மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

“சகலை. கோவத்துல சுடாதீங்க. அட்டையச் சித்தெ பாருங்க. இதுக்குத் தலையில்லீங்க. ரெண்டையும் நெஞ்சுலயே போடுங்க.”

என்ன திமிர்! சட்டம் போட்டுத் தலையை வெட்டினவர், அந்த நேரத்தில் வந்து, தலையில்லை என்று எனக்கே சொல்லிக் காட்டுகிறார். உங்களுக்குக் கொதிக்காதா? எனக்குக் கொதித்தது. அவருக்காகவே, அவர் முகத்தில் கரி பூசுவதற்காகவே, பீப் அடித்ததும் அட்டையை நன்றாக முறைத்துப் பார்த்து, இரண்டையும் நெஞ்சில் போட்டேன். இரண்டு, இரண்டு, இரண்டு. ஆணி அடிக்கிற வேலை. இருபது நொடி ஆயிற்று. பன்னிரண்டும் நடுக்கட்டத்தில். தலை இல்லாவிட்டாலும் கிட்டுசாமிக்கு ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டேன்.

கடைசியாக அவர் சுட்டார். எப்போதும் போல நிதானமாக. எல்லாம் கூட்டிப் பார்த்தால் என்னைவிட மூன்று மதிப்பெண் குறைவு. நான் நான்காவது, அவர் ஐந்தாவது. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். பட்டியலை அவர் கையாலேயே எழுதி அவரே கையெழுத்துப் போட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த நடிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். ஆறு ஞாயிறு ஆகிறது, ஒரு பேச்சில்லை. சரோஜினி, “என்ற தங்கச்சி மூஞ்சியில நான் எப்புடி முழிக்கறது?” என்று தினம் கேட்கிறாள். குணவதி, அதுதான் தங்கை, போன் செய்தால் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எப்படியும் முழித்துக்கொள்கிறார்கள். அவர்? அவர் இப்போதும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறார். இரண்டு தரம் ஹாரன் அடிக்கிறார். நான் கதவுக்குப் பின்னால் சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன், வெளியே போக மாட்டேன். ஆறே காலுக்குக் கிளம்பிவிடுவார். போன வாரம் ஆறு இருபது வரைக்கும் நின்றார். குற்ற உணர்ச்சி.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, பதினான்கு நொடியைக் கழகத்தின் சாதனையாகப் பதிய வேண்டும். இரண்டு, அவரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்க வேண்டும். எண்ணும் முன் ஒட்டுவதற்கு அதுதான் தண்டனையாம், சுகந்தி சொன்னாள். அது மட்டுமில்லை, மூன்று வருடம் எந்தப் போட்டியிலும் சுட விட மாட்டார்களாம். இருக்கட்டும்.

என்ன கேட்டீர்கள்? முதல் சுற்று செல்லும் என்றால் இரண்டாவது சுற்று செல்லாதா? ஆமாம், அப்படித்தான் வரும். வரட்டுமே. பன்னிரண்டும் நடுவில் விழுந்த பதினான்கு நொடி, அதை வைத்தால் நான் நான்காவது என்ன, இரண்டாவது வருவேன்.

எண்ணியது யாரா? யாரும் எண்ணவில்லை, அதுதானே வழக்கே. ஆதாரம் இருக்கிறது. கழற்றிப் போட்ட அந்த ஆறு அட்டைகளையும் அன்றைக்கே சாக்குப் பையில் சுருட்டி எடுத்துவந்துவிட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இதோ. பிரித்துப் பார்க்கவில்லை, எதற்குப் பார்க்க வேண்டும், சுட்டவன் எனக்குத் தெரியாதா. பிடியுங்கள். ஸ்டிக்கரை எண்ணி எழுதுங்கள், ‘அட்டை ஒன்று, ஸ்டிக்கர் இரண்டு’ என்று.

ஒன்றுதானா? சரியாகப் பாருங்கள். நெஞ்சுக்கு நடுவில் ஒன்று, சரி. இரண்டாவது… அது கீழே எங்காவது இருக்கும். இல்லை? சரி, வையுங்கள். சில சமயம் இரண்டு குண்டும் ஒரே ஓட்டையில் போய்விடும். கை சுத்தமாக இருந்தால் அப்படி ஆவதுண்டு.

அடுத்தது. ஒன்று.

அதற்கடுத்தது. இதிலும் ஒன்றுதான்.

ஆறிலுமா? ஆறிலும் ஒரே ஓட்டையில் போகக் கூடாது என்று ரூல் ஒன்றும் இல்லையே.

இப்படிக் கொடுங்கள், நானே பார்க்கிறேன். பின்பக்கம் திருப்புகிறேன்.

ம்.

இந்த ஸ்டிக்கரைப் பாருங்களேன். அவர் ஒட்டினால் இப்படி இருக்காது. ஓட்டைக்கு நேர் நடுவில், ஒரு சுருக்கம் இல்லாமல், முத்திரை போட்டது போல இருக்கும். இதில் கோணல். இது பாதி மடங்கிக் கிடக்கிறது. இதில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்றை ஒட்டி, பிய்த்து எடுத்திருக்கிறார், அட்டைத் தோல் உரிந்திருக்கிறது. அவசரம். மூட்டு வலியோடு ஓடி ஓடி ஒட்டினால் கோணாதா.

இல்லை, ஒன்றுமில்லை. இருங்கள்.

எழுதிய வரைக்கும் படியுங்கள். ‘திட்டமிட்ட சதி.’ ம். ‘பலர் முன்னிலையில் ஏளனம்.’ ம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை அந்தப் பக்கம் வையுங்கள். வேறு ஒரு தாள் எடுங்கள்.

பெறுநர் அதேதான். பொருள்: திருச்சிப் போட்டிக்கு மாற்று வீரர் ஒருவரைச் சேர்ப்பது குறித்து. நான்கு பேர் போக, ஒரு மாற்று ஆளும் போகலாம், யாருக்காவது முடியாமல் போனால் அவர் சுடலாம். அணியில் இருக்கிற ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் கடைசி. சகலைக்காகச் சுகந்தி எழுதித் தருகிறேன் என்றாளாம், செயலாளராக இருந்துகொண்டு தன் பெயரைத் தானே மேலிடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவர் அப்படித்தான். அதனால் நேராக மேலிடத்துக்கே நான் அனுப்புகிறேன்.

நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. சமாதானமெல்லாம் இல்லை. அந்த மாதிரி ஆளை ஊரில் விட்டுவிட்டுப் போனால் இங்கே எதை எண்ணுவதற்கு முன் எதை ஒட்டுவாரோ. கூடவே வைத்திருந்தால் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். எனக்கும் அந்த மூன்று நாள் போட்டியில் திருச்சிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். யார் கண்டது? ஒரு நாளாவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எழுதுங்கள். ‘மேற்படி திரு. தெய்வசிகாமணி அவர்கள், பத்தொன்பது ஆண்டுகளாகக் கழகத்தில் ஒரு விதியையும்…’ இல்லை, அது வேண்டாம். ‘ஒழுங்காகச் சுடக்கூடியவர்’ என்று போடுங்கள், போதும்.

வெயில் உங்கள் தாளிலேயே விழுகிறதே. எப்படி எழுதுவீர்கள்? இருங்கள், இந்த அட்டையை உங்கள் குடைக் கம்பியில் சாய்த்து வைக்கிறேன். இன்னும் ஒன்று. ஆறையும் வைத்தால்தான் நிழல் முழுதாக வரும். இருக்கட்டும், இருக்கட்டும், நாளைக்கும் வெயில் அடிக்கும்.

எங்கே விட்டோம்? அவர் வயது. அறுபத்தொன்று.